அசலூரார் என்னும் பேச்சு

பிழைப்பைத் தேடி ஓர் ஊருக்கு வந்து, அங்கே வீடு பிடித்து, அங்கேயே உழைத்து, பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கு அனுப்பும் ஒருவனை அவ்வூர் எத்தனை வருஷங்களுக்குப் பின் தன் மனிதனாக ஏற்கும்? திருப்பூர், பல்லடம், அவிநாசி, பெருந்துறை முதலிய கொங்கு நாட்டுப் பட்டணங்களில் இன்று வசிப்பவர்களில் மிகப் பலருக்கு இது அன்றாடக் கேள்வியாயிருக்கிறது. இதனை வீட்டுச் சொந்தக்காரர்களும் போலீஸாரும் தீர்த்துக்கொள்ளட்டும் என்று பொது ஊழியர்கள் ஒதுங்கியிருப்பது சரியல்ல என்பது நமது அபிப்பிராயம்.

திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். 1961-இல் அவ்வூரின் ஜனத்தொகை சுமார் 80,000. 2011-இல் பழைய நகர எல்லைக்குள் மட்டும் அது 4,44,000-ஐத் தாண்டிவிட்டது. 2008-இல் மாநகராட்சியாகவும், 2009-இல் ஒரு ஜில்லாவின் தலைநகராகவும் ஆகிவிட்ட இவ்வூர், நடையிலும் பழக்கத்திலும் இன்னும் சிற்றூராகவே இருக்கிறது. இந்தப் பெருக்கம் தொட்டிலில் உண்டானதன்று. ரயிலிலும் பஸ்ஸிலும் வந்தது. முதலில் சுற்றுக் கிராமங்களிலிருந்தும், பிறகு மதுரை, தேனி முதலிய தென் ஜில்லாக்களிலிருந்தும், அண்மைக் காலத்தில் ஒடிஸா, பீஹார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆகிய மாகாணங்களிலிருந்தும் ஜனங்கள் வந்தனர். பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவர், துணி வெட்டுபவர், தேய்த்து மடிப்பவர், பெட்டியில் அடுக்குபவர் ஆகியோரில் உள்ளூர் மண்ணில் பிறந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இவர்கள் ஒரு வாரம் வராவிட்டால் அவ்வூரின் கதி என்னவாகும் என்பது விளங்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, மே மாதத்தில் விசேஷ ரயில்கள் வடக்கே புறப்பட்டபோது அதைக் கண்ணாலேயே கண்டோம்.

வருபவன் காண்பது என்ன? "ஏனுங்க, வாங்க" என்ற மரியாதை முதலில் கிடைக்கிறது. கொங்கு நாட்டாரின் வாய்ச்சொல்லில் உள்ள இனிமைக்கு நிகர் தமிழகத்தில் வேறெங்கும் இல்லை என்று நாம் தயங்காமல் சொல்வோம். ஆனால் வீடு தேடிப் போகும்போது "எந்த ஊருங்க?" என்ற கேள்வியைத் தொடர்ந்து இன்னொரு கேள்வியும் வருகிறது. நேராக வந்தாலும் சுற்றி வளைத்து வந்தாலும், அது ஜாதியைக் கேட்கும் கேள்விதான். பதில் பிடிக்காவிட்டால், வீடு நேற்றே ஒருவருக்குப் பேசி முடிந்துவிட்டதாக மிகுந்த மரியாதையோடு சொல்லப்படும். மரியாதை மாத்திரம் கடைசி வரை குறைவதில்லை!

கிடைப்பது பெரும்பாலும் லைன் வீடு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, நாலு குடும்பங்களுக்கு ஒரு கழிப்பிடம். நல்ல தண்ணீர் சில நாட்களுக்கு ஒரு முறை. மற்றபடி உப்புத் தண்ணீர். தண்ணீர் வரும் வேளையில் வேலைக்குப் போயிருப்பவரின் குடம் காலியாகவே கிடக்கும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் வேலை என்பது பன்னிரண்டு மணி நேரம், சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் துணி துவைக்கவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் காலியாகிவிடும். பத்து வருஷம் இப்படி வாழ்ந்தவரும் "ஊருக்குப் போகிறேன்" என்று வேறொரு ஊரைத்தான் சொல்கிறார்.

வீட்டுச் சொந்தக்காரரை மட்டும் நாம் நிந்திக்க வரவில்லை. அவரும் பல சந்தர்ப்பங்களில் கிணறு வற்றிப்போன குடியானவர். சோளமும் நிலக்கடலையும் விளைந்த தோட்டத்தில் இப்போது வாடகை விளைகிறது. அதை நம்பி அவர் பெண்ணுக்குக் கலியாணம் செய்ய வேண்டும். ஆனால் ஜனங்கள் வந்து குவிந்ததால்தான் தண்ணீர் போயிற்று, ஊர் கெட்டது என்று அவர் சொல்லும்போது நாம் குறுக்கிட வேண்டியிருக்கிறது. நொய்யலைக் கெடுத்தது லைன் வீட்டுக் குடமா? பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகப் போனதையும், 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டார் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட நேர்ந்ததையும் ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பட்டறைகளில் முழங்கால் வரை சாயத் தண்ணீரில் நின்றவன் கூலிக்காரன். லாபக் கணக்கு அவன் கையில் இருக்கவில்லை.

2023 மார்ச்சில் நடந்ததையும் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் பீஹார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான படங்கள் பரவின. பீஹார் சர்க்கார் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. படங்கள் பொய்யென்று வெளியாயிற்று. பொய்யைப் பரப்பியவர்கள் குற்றவாளிகளே. ஆனாலும் அந்தப் பொய் ஏன் அத்தனை சீக்கிரம் நம்பப்பட்டது? பக்கத்து வீட்டுக்காரனின் பெயர் தெரியாத ஓர் ஊரில், அவனைப் பற்றி இவனும் இவனைப் பற்றி அவனும் எதையும் நம்பக் கூடும்.

சட்டம் இவர்கள் பக்கம் இல்லாமலில்லை. பாரதத்தின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் பிரஜைகளுக்கு உள்ள உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து கூறுகிறது. 2020 அக்டோபர் முதல் வெளி மாகாணத்தாரும் இங்குள்ள ரேஷன் கடையில் தமக்குரிய தானியத்தைப் பெற வழியுண்டு. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பலாகாது. ஒடியா வீட்டுக் குழந்தை கொங்குத் தமிழில் "போலாமுங்க" என்று சொல்வதைக் கேட்டவர்கள், தமிழுக்கு ஆபத்து வந்ததென்று அலற மாட்டார்கள்.

வாடகை விஷயத்திலும் 2017-இல் சென்னைச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றி, 2019 முதல் அது அமுலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. "வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்ற வார்த்தைகள் வீட்டுக்காரருக்கு விட்ட கதவு என்பதை நாம் அறிவோம். அது கிடக்கட்டும். எழுத்தில் ஒப்பந்தம் தருபவர் லைன் வீடுகளில் எத்தனை பேர்? கடுதாசி இல்லாவிட்டால் விலாசத்துக்கு அத்தாட்சி இல்லை. விலாசம் இல்லாவிட்டால் காஸ் இணைப்பு முதல் வாக்காளர் ஜாபிதா வரை எங்கும் இடறல்.

வாக்குரிமை விஷயத்தில்தான் நம் தொண்டர்கள் முக்கியமாகக் கவனம் செலுத்த வேண்டும். 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவன் எங்கே சாதாரணமாக வசிக்கிறானோ அங்கே அவன் பெயரைச் சேர்க்கச் சொல்கிறது. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற காரணம் மட்டும் அவ்வூரில் வாக்களிக்கப் போதாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வாக்குக்கு ஆதாரம் சொத்தல்ல, வாசமே என்பது இதன் பொருள். சொந்த ஊரிலேயே வாக்கை வைத்துக்கொள்ள விரும்புவோர் உண்டு. அவர்களை நாம் வற்புறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பதினைந்து வருஷம் ஒரே வீதியில் வாழ்ந்தும், அவ்வீதிக் குழாயைப் பற்றிக் கவுன்ஸிலரிடம் கேட்க வாயில்லாதவராய் ஆயிரக்கணக்கானோர் இருப்பதை ஜனநாயகம் என்று எப்படிச் சொல்வது?

இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். வெளியாருக்கு வாக்குக் கொடுத்தால் ஊரின் பெயர் போய்விடும் என்பார்கள். அவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனவர் யார்? 1932 ஜனவரியில் கொடியை விடாமல் அடிபட்டு, 11-ஆம் தேதி உயிர் நீத்த குமரன் 1904-இல் பிறந்தது சென்னிமலையில். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்து வேலையில் அமர்ந்தவர். அவரைச் சென்னிமலைக் குமரன் என்று எவரும் சொல்வதில்லை. சென்னிமலை பக்கத்து ஊர்தானே என்று வாதிப்பவர்களிடம், ஊர்க்காரனாவதற்கு எத்தனை மைல் வரை அனுமதி என்று கேட்டுவைக்க விரும்புகிறோம்.

அடுத்த முறை வாக்காளர் ஜாபிதா திருத்தத்துக்கு வரும்போது, கட்சி வித்தியாசமின்றி நம் தொண்டர்கள் வார்டு வார்டாக லைன் வீடுகளுக்குப் போக வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரையும் உடன் அழைத்துச் சென்று, ஒப்பந்தக் கடுதாசியை அங்கேயே எழுதி வாங்கிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஹிந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவர் உடனிருப்பது நலம். சாதாரண நாட்களில் போய்ப் பயனில்லை; கதவுகள் பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தைக்குப் புறப்படும் முன்பு போக வேண்டும்.