சுவாமிக்குக் காவல் யார்?

காவலூர்த் தோழர்கள் சிலருடன் மலையிறங்கி, வேலூர் சென்று, அங்குள்ள கோட்டையையும் அதற்குள்ளிருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் சமீபத்தில் பார்த்து வந்தோம். கோட்டை 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்துக்கு அடங்கிய நாயக்கர் காலத்தில் எழுந்தது. கருங்கல் மதில்; அதைச் சுற்றி அகழி. கோயிலின் கலியாண மண்டபத்துத் தூண்களில் குதிரையும் யாளியும் பாய்ந்து நிற்கின்றன. அவற்றைச் செதுக்கியவன் கைக்கு எத்தனை கும்பிடு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் நாம் விசாரித்தவர்களில் அவன் பெயரைச் சொல்ல ஒருவருமில்லை.

இவ்வளவு மதிலுக்குள்ளே சுவாமியையும் வைத்தார்களே, பலன் என்ன? பீஜப்பூரார் பிடித்தார்கள்; மராட்டியர் பிடித்தார்கள்; மொகலாயர் பிடித்தார்கள்; கடைசியில் வெள்ளைக்காரனும் பிடித்தான். சுவாமியையோ, படையெடுப்புக்குப் பயந்து ஜனங்களே வெளியே கொண்டுபோனதாகப் பக்தர்களே சொல்லுகிறார்கள். ஊரைக் காக்கச் சுவாமி, சுவாமியைக் காக்க ஆள்! கர்ப்பக்கிரகம் தலைமுறை தலைமுறையாக வெறுமையாய்க் கிடந்தது. பட்டாளத்தார் கோயிலை ஆயுதக் கிடங்காகவும் வைத்திருந்தார்கள். 1981 மார்ச் 16-ல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்து சேர்ந்தது. அதுவும் தானாக நடந்து வரவில்லை. மனிதர்களே கொண்டுவந்து வைத்தார்கள்.

பூஜையில்லாத ஊர் பாழாய்ப் போகும் என்கிறார்களே, அந்தக் காலத்தில் வேலூர் பாழாயிற்றா? 1806 ஜூலை 10-ல் அதே கோட்டையில்தான் சிப்பாய்கள் வெள்ளையனை எதிர்த்து எழுந்தார்கள். 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் என்ற அம்மையார் ஒரே படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார். இன்று அந்த ஆஸ்பத்திரியைத் தேடி வங்காளத்திலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். அந்த அம்மாள் பாதிரி குடும்பத்துப் பெண்தானே என்று சிலர் மடக்குவார்கள். ஆம், ஆனால் வந்தவனுக்கு ஜெபத்தோடு நிறுத்தாமல் மருந்தும் கத்தியுமல்லவா கொடுத்தார்? காவலூர் மலைமேல் 1968-ல் வானாராய்ச்சி தொடங்கியதும், 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்று கண்டவர்களில் அந்த மலை விஞ்ஞானிகளும் சேர்ந்திருந்ததும் இதே வெற்றுக் கர்ப்பக்கிரகக் காலத்தில்தான். (நவக்கிரகம் சுற்றுகிறவர்கள் கணக்கில் யுரேனஸே இல்லை என்பது வேறு விஷயம்.)

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் வேண்டுதல், பிறகு மந்திரிப்பு, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி என்று அலைகிறவர்கள் மலையிலும் உண்டு, டவுனிலும் உண்டு. பிரார்த்தனை தவறினால் சுவாமி கோபிக்கும் என்று அவர்களுக்குப் பயம். அவர்களை ஒன்று கேட்கிறோம்: தலைமுறைக் கணக்காய் அந்தச் சந்நிதியில் ஒரு விளக்கும் ஏற்றாத வேலூரை அந்தச் சுவாமி என்ன செய்துவிட்டது?