‘ஃபியூஷன்’ என்னும் சோம்பேறிச் சொல்

1975இல் கொல்கத்தாவில் தோன்றிய ‘மொஹினேர் கோராகுலி’ இசைக்குழு, தன் பெயரை ஜீபனானந்த தாஸின் கவிதையிலிருந்து பெற்றது. 1977இல் வெளிவந்த அதன் முதல் இசைத்தட்டு ‘சங்பிக்ன பாகிகுல் ஓ கல்கத்தா பிஷயக்’. பாவுல், ஜாஸ், ராக் மூன்றும் அக்குழுவின் இசையில் கலந்திருப்பதால் ‘ஃபியூஷன்’ என்று வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

மொழியியல் பயின்றவனாக இதை என்னால் ஏற்க இயலவில்லை. கடன்சொற்கள் எத்தனை புகுந்தாலும், இலக்கணம் நிலைத்திருக்கும்வரை மொழி வேறொன்றாகிவிடுவதில்லை. இங்கே கிட்டாரும் டிரம்ஸும் கடன்சொற்கள். வங்காளப் பேச்சின் ஏற்ற இறக்கமே இலக்கணம்.

அன்றைய கேட்போர் இவ்விசையைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1995இல் வெளிவந்த தொகுப்பே புதிய தலைமுறையிடம் அதனைக் கொண்டுசேர்த்தது. கலந்தவற்றைப் பட்டியலிடுவது ஆய்வாகாது. கலந்த பின்னும் கரையாமல் நின்றது எது என்று வினவுவதே ஆய்வு.