மணல்வெளியில் ஒரு கலைக்கூடம்

அச்சுவேலியின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஓவியக் காட்சிசாலை இருக்கிறதென்று எவரேனும் கூறினால், கேட்போர் நகைப்பர். கலைப்பொருளுக்கு உரிய இடம் தலைநகரத்து மாளிகை. அதனைப் பேண வேண்டியவர் அரசினர் என்பதே நம்மவர் எண்ணம். சென்னைக்குச் செல்லும் அன்பர்கள் ஒருமுறை ஈஞ்சம்பாக்கம் வரை போய்வந்தால் அவ்வெண்ணம் மாறிவிடும்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது ஈஞ்சம்பாக்கம். இன்று அங்கே மாடிவீடுகள் நெருங்கி நிற்கின்றன. 1966ஆம் ஆண்டிலோ அது வெறும் மணல்வெளி. அயலில் மீனவர் குடியிருப்பு. அந்த மணலிலேதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அதனைத் தோற்றுவித்தவர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977). அப்போது அவர் சென்னை அரசினர் கலைக் கல்லூரியின் அதிபராய் இருந்தார்.

கல்லூரியில் தேறிய இளைஞர் பலருக்கு ஓவியத்தால் பிழைக்க வழியில்லை. வாங்குவார் இன்மையால் வேறு உத்தியோகம் தேடித் தூரிகையைக் கைவிடும் நிலை. இதற்குப் பணிக்கரும் மாணவரும் கண்ட பரிகாரம் எளியது. கலைஞர் கைப்பணிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். பத்திக் துணி முதலான கைப்பணிப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டே ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறினர். வயிற்றுக்குக் கைப்பணி, உள்ளத்துக்கு ஓவியம் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட முறை.

அக்கிராமத்தில் 2009ஆம் ஆண்டு ஒரு கலைக்கூடம் திறக்கப்பட்டது. மேனாட்டாரைப் பின்பற்றுவதை விடுத்து, நம் நாட்டுக் கோடும் கோலமும் எழுத்தும் கொண்டு புதியது படைக்க முயன்ற சென்னைக் கலைஞரின் ஆக்கங்களுக்கு அது உறைவிடம். பணிக்கர் 1963 முதல் வரைந்த "சொற்களும் குறியீடுகளும்" என்னும் வரிசையை மாணவர்கள் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். நம் வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் சாதகக் குறிப்பைப் போலக் கட்டங்களும் இலக்கங்களும் எழுத்துக்களும் அவற்றில் நிறைந்திருக்கும். எழுத்தைப் படித்துப் பொருள் காண முயல்வது வீண். வரிவடிவின் அழகே அங்கே பொருள்.

இங்கு வாழ்ந்த கே. இராமானுஜம் வறுமையில் உழன்றவர். குடிசையில் இருந்துகொண்டு மையினாலே மாட மாளிகைகளையும் விந்தை விலங்குகளையும் தீட்டினார். 1973இல் இளமையிலேயே மறைந்தார். பணிக்கரின் மைந்தர் நந்தகோபால் (1946–2017) உலோகத் தகட்டில் ஆக்கிய சிற்பங்களோ, வீதியுலா வரும் மூர்த்தியையும் திருவாசியையும் நினைவூட்டுவன. வெளியே மரநிழலில் கற்சிற்பங்கள் நிற்கின்றன. சிறுவர்கள் சுற்றி வந்து பார்க்கலாம்.

நம் நாட்டிலும் ஓவியருக்குக் குறைவில்லை. 1938இலேயே எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவினார். சித்திர ஆசிரியராய் விளங்கி, முத்திரைகளுக்கும் ஓவியம் வரைந்தளித்த ஆசை இராசையா (1946–2020) அச்சுவேலி பெற்ற மைந்தர். ஆயினும் ஓவியங்களைக் காப்பதிலே நாம் பின்தங்கினோம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, கைக்குழந்தையும் காணி உறுதியும் அரிசிப் பொதியுமே கைக்கொள்ளாதனவாயின. சுவரிலிருந்த படத்தைக் கழற்ற எவருக்கு அவகாசம் இருந்தது? திரும்பி வந்தபோது பலர் வீட்டில் சுவரே இல்லை. ஒருவரிடம் உள்ள ஒரே படம் அழிந்தால், அதை வரைந்தவரின் உழைப்பும் அதனோடு அழிகிறது.

எஞ்சியவற்றையேனும் காப்போமாக. பெருங் கட்டடம் வேண்டியதில்லை. சனசமூக நிலையத்தில் ஓர் அறை, பாடசாலையில் ஈரம் ஏறாத ஒரு சுவர் போதும். வீட்டில் உள்ள ஓவியத்தை வெயிலும் கறையானும் அணுகாமல் வையுங்கள். மாணவர்களே, படத்தின் பின்புறம் வரைந்தவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். ஒளிப்படம் ஒன்று எடுத்து வேறிடத்திலும் பேணுங்கள். அன்று சோழமண்டலத்தார் அரசின் வரவுக்காகக் காத்திருந்தார் அல்லர். கடற்கரை மணலில் அவர்களுக்குக் கைகூடியது நம் செம்மண்ணிலும் கைகூடும்.