கட்டத் தேவையில்லாத பாக்கி

ஆலத்தியூரிலிருந்து ஒரு மாணவன் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்பா என்றோ ரத்து செய்த கிரெடிட் கார்டில் ஆண்டுக் கட்டணம் பாக்கி என்கிறது சிபில் அறிக்கை. "பாதியைக் கட்டுங்க, முடிச்சிடலாம்" என்பார்கள். கட்டக்கூடாது! 'செட்டில்டு' என்று பதிவாகிவிடும். அடுத்த வங்கியும் யோசிக்கும். உண்மையான பாக்கி என்றால் முழுதாகக் கட்டுவதே நியாயம். வாங்காத கடனுக்கு எதற்குப் பணம்? ரத்து செய்த கடிதத்தோடு வங்கிக்கும் சிபிலுக்கும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி. அப்புறமும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். பயந்து கட்டினால் பணமும் போகும், பேரும் போகும்.