மூவர் மிஞ்சிய பக்கம்

2022-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 15-ஆம் தேதி இரவு, செஞ்சிப் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு தேநீர்க் கடையில், வழக்கமாக ஒன்பது மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடும் கடைக்காரர், அன்று மட்டும் பால் பாத்திரத்தை இறக்காமல், ஒரு கண்ணைத் தொலைக்காட்சிப் பெட்டியில் வைத்தபடியே கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பம்பாயில் நடந்த புரோ கபடி அரையிறுதி ஆட்டம் அது. தமிழ் தலைவாஸ் அணி, புனேரி பல்தான் அணியிடம் 37-க்கு 39 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது. கூடியிருந்த பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் வசைபாடவில்லை. கொத்து வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவர் எழுந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ரெண்டே பாயிண்டுதாண்ணே, அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்" என்றார். "அஞ்சு வருஷமா இதத்தான்டா சொல்ற" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் அவருக்கு இன்னொரு டீயை ஆற்றிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அந்த ஓசி டீயைக் குறித்ததே இம்மாதத் தலையங்கம்.

தமிழ் தலைவாஸ் 2017-இல் களமிறங்கிய அணி. முதல் இரண்டு பருவங்களிலும் தன் பிரிவில் கடைசி இடம், மூன்றாவது பருவத்தில் 12 அணிகளுள் 12-ஆவது, நான்காவதில் 11-ஆவது. அந்த ஒரு படி ஏற்றத்தையும் அபிவிருத்தி என்று கொண்டாடியவர்களை நாம் அறிவோம். 2022-இல் பவன் செராவத் என்னும் பெரிய ஆட்டக்காரரை, அதுவரை எவருக்கும் கொடுக்கப்படாத 2.26 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே, குஜராத் அணிக்கு எதிராக, அவர் முழங்காலில் அடிபட்டு வெளியே தூக்கிச் செல்லப்பட்டார். அத்தோடு அவருக்கு அந்தப் பருவம் முடிந்தது. இனிப் பழைய கதைதான் என்று எல்லோரும் நினைத்திருக்கையில், நரேந்தர் என்னும் புதுமுகப் பையன் பாடிப்போய்ப் பாடிப்போய் அப்பருவத்தில் 243 ரைடு புள்ளிகளைச் சேர்த்துவிட்டான். வெளியேற்றுச் சுற்றில் உத்தரப் பிரதேச அணியோடு 36-36 என்று சமனாகி, அதன்பின் நடந்த டை-பிரேக்கரில் வென்றே இவர்கள் அரையிறுதிக்கு வந்தார்கள்.

"ஏலத்தில் வாங்கிய அணி, ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் ஹரியானாக்காரர்கள், சட்டையில் அச்சடித்த பெயரைத் தவிர இதில் தமிழ் எங்கே இருக்கிறது?" என்று நம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானதே, ஆனால் செஞ்சியில் குடியிருந்துகொண்டு அதைக் கேட்கலாகாது. ராஜா தேசிங்கு என்று இவ்வூர் முந்நூறு ஆண்டுகளாகச் சொந்தம் கொண்டாடுகிற தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திர வம்சத்தவன். அவன் தந்தை சொரூப் சிங் ஔரங்கசீப்பின் நியமனத்தால் இக்கோட்டைக்கு அதிகாரியாக வந்தவர். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டுப் படையெடுத்து வந்தபோது, சில நூறு குதிரைவீரர்களை மட்டும் நம்பி, 1714 அக்டோபரில், வெள்ளம் புரண்ட சங்கராபரணி ஆற்றைக் கடந்துபோய்ப் போரிட்டு மாண்ட அந்த வாலிபனுக்கு அப்போது வயது 22. அவனோடு தோளிணைந்து நின்று அவனுக்கு முன்னரே மடிந்த சிநேகிதன் மகமத்கான் என்னும் முஸ்லிம். இவர்களில் ஒருவருக்கும் இம்மண் பூர்வீகமல்ல. ஆயினும் நீலாம்பூண்டியில் மகமத்கானின் சமாதியையும் தேசிங்கின் குதிரையின் சமாதியையும் ஊரார் காட்டுகிற காட்டலில், பங்காளி வீட்டுக் கல்லறையைக் காட்டுகிறவர்களின் குரல் இருக்கிறது.

இதில் நம்மை நெடுநாளாக வியக்கவைக்கும் செய்தி ஒன்றுண்டு. வென்றவருக்கும் இங்கே ஞாபகச் சின்னம் இருக்கிறது: சாதத்துல்லா கானின் பெயர் தாங்கிய பள்ளிவாசல் கோட்டைக்குள் திடமாக நிற்கிறது. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வருகிறவர்களில் பத்துப் பேரை நிறுத்தி அவர் யாரென்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். கட்டடம் வென்றவருக்கு, பாட்டு தோற்றவனுக்கு என்று ஊர் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. தேசிங்கு போருக்கு விடைகேட்கச் சென்றபோது, போகாதே என்று சிங்கவரத்து அரங்கநாதரே முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஐதிகம். குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாளின் அந்தத் திருமுகச் சாய்வை இன்றும் பக்தர்களுக்குச் சுட்டிக்காட்டுகிறார்கள். பெருமாளே வேண்டாமென்ற பக்கத்தில் போய் நின்ற ஊர் இது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியருடைய 12 கோட்டைகளுள் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து இக்கோட்டை ஒன்றையே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. இனி வருகிற யாத்திரிகர்களுக்கு மராட்டிய மன்னர் ராஜாராமைப் பற்றியும், எட்டு வருஷம் நீடித்த மொகலாயர் முற்றுகையைப் பற்றியும் பலகைகள் சொல்லும். ஆட்டோக்காரர் மட்டும் செட்டிக்குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தி, "தேசிங்க எரிச்ச எடம் இதாங்க" என்று சொல்லாமல் விடமாட்டார்.

இவ்வித விசுவாசத்தை நாம் நிபந்தனையின்றிப் புகழவில்லை. அரசியலில் இது நம்மை எவ்வளவோ கெடுத்திருக்கிறது. நடிகர் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். ஆனால் விளையாட்டில் தோற்கும் பக்கத்தைப் பற்றிக்கொள்கிறவனுக்கு ஒரு தனிப் பயிற்சி கிடைக்கிறது. வெல்லும் அணியின் ரசிகன் முடிவைப் பார்க்கிறான். இவனோ, முடிவில் தனக்கு ஒன்றும் இராதென்று அறிந்தவனாதலால், இடது மூலையில் நிற்கும் பையன் போன ஆட்டத்தைவிட அரைக் கணம் முன்னதாகக் கணுக்காலுக்குப் பாய்ந்ததைப் பார்க்கிறான். நம்பிக்கை என்பது அந்த அரைக் கணத்தைக் கண்ட கண்ணுக்கே உரியது.

கபடி விதிகளை வகுத்தவர்கள் இதை அறிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். அவுட்டாகி வெளியே உட்கார்ந்தவன், தன் பக்கத்தான் ஒருவன் எதிராளியை அவுட்டாக்கிய மாத்திரத்தில் எழுந்து களத்துக்குள் வந்துவிடுகிறான். செத்தவன் பிழைக்கிறான் என்றுதான் சிறுவயதுச் சடுகுடுவில் நாம் சொன்னோம். அதைவிட நுட்பமானது இன்னொரு விதி: ஏழு பேரில் மூவரோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சியிருக்கையில், பாடிவந்தவனை அவர்கள் மடக்கிவிட்டால், ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. சூப்பர் டேக்கிள் என்கிறார்கள். ஆள் குறையக் குறையப் பிடியின் மதிப்பு கூடுகிற இந்தத் தர்மம் மற்ற ஆட்டங்களில் நாம் கண்டதில்லை. கால்பந்தில் ஒருவன் வெளியேற்றப்பட்டால் மிஞ்சிய பத்துப் பேரின் கோல் இரண்டாகக் கணக்கிடப்படுவதில்லை. (நட்டத்தில் நடக்கிற சிறுபத்திரிகைக்கும் இப்படியொரு விதி இருந்தால், மிஞ்சிய சந்தாதாரர் ஒவ்வொருவரையும் இருவராக எண்ணிக்கொள்ளலாம்.)

சென்ற காணும் பொங்கலன்று, மேல்மலையனூர்ச் சாலையிலுள்ள ஒரு கிராமத்தில் நடந்த இரவுப் பந்தயத்துக்கு எங்கள் தெருப் பையன்களோடு நாமும் போயிருந்தோம். அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் தெளித்துச் செம்மண் கொட்டிச் சமன்செய்த களம். நான்கு சவுக்குக் கம்பங்களில் விளக்கு. களத்தின் ஓரத்தில் கவிழ்த்த நெல் மூட்டைச் சாக்குகளின்மேல் கிழவர்கள். எங்கள் அணி முதல் சுற்றைத் தாண்டியதாக எங்களில் எவருக்கும் நினைவில்லை. இடைவேளைக்குப் பின் ஆள் ஒவ்வொருவராகப் போய், மூவர் மிஞ்சினார்கள். அதுவரை தத்தம் ஊர் அணிக்கே கூவிக்கொண்டிருந்த ஜனங்கள், ஏன் என்று தெரியாமலே எங்கள் பக்கத்துக்கு நகர்ந்து வந்தார்கள். "மூணு பேருதான்டா இருக்கீங்க, வுடாதீங்கடா!" என்று முன்பின் தெரியாத ஒரு பாட்டி எங்கள் முதுகுக்குப் பின்னால் கத்தினாள். பாடிவந்தவன் எட்டித் தொடப் பின்னங்காலைத் தூக்கிய சமயம், மூலையிலிருந்தவன் நின்றிருந்த கணுக்காலில் விழுந்தான். மற்ற இருவரும் அவன்மேல் விழுந்தார்கள். புழுதி அடங்கியபோது நடுவர் இரண்டு விரலைத் தூக்கினார்.

ஆட்டத்தில் பதினோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். திரும்பும்போது குட்டியானை வண்டியின் பின்புறத்தில், வியர்வையும் செம்மண்ணுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பையன்கள், அந்த ஒரு பிடியை ஐந்தாறு தடவை ஆளுக்கொரு விதமாகச் சொல்லி முடித்திருந்தார்கள். வண்டி ராஜகிரிக் கோட்டைமலையின் நிழலைத் தாண்டுமுன்பே, அடுத்த பொங்கலுக்குப் புதுச் சட்டை தைக்க ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று ஒருவன் வசூலை ஆரம்பித்துவிட்டான். நாம் நூறு ரூபாய்த் தாளை நீட்டினோம். சில்லறை இல்லை என்று அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.