உள்ளுறை அறியாத் திறனாய்வு

குறும்படம் ஒன்றைக் கண்டவுடன், 'இஃது எதன் குறியீடு?' என்று துருவும் நோய் இன்று திறனாய்வாளர் பலரைப் பற்றியுள்ளது. பறவை பறந்தால் விடுதலை. கதவு மூடினால் சாவு. சிவப்பு தோன்றினால் புரட்சி! கடைக்காரன் விலைப்பட்டியல்போல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்நாட்டுப் படத்தையும் அதனோடு ஒட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். படத்தைப் பார்த்தனரா என்பதே ஐயம்.

வங்க இயக்குநர் சத்தியசித்து ரே 1964-இல் எடுத்த 'இரண்டு' என்னும் படம் இவர்களிடம் பட்ட பாட்டைக் காண்க. அமெரிக்க எண்ணெய் நிறுவனமாகிய எசோவின் தொலைக்காட்சித் தொடருக்காக எடுக்கப்பட்ட படம் அது. ஆங்கிலத்தில் வேண்டுமென்றனர். வங்கச் சூழலில் ஆங்கிலத்தைப் புகுத்த ரே விரும்பவில்லை. உரையாடலே இன்றி எடுத்து முடித்தார். (தம் மண்ணின் மாந்தரை அயன்மொழி பேசவைத்துப் பெருமிதங் கொள்வோர் இவ்விடத்திற் சற்று நின்று செல்க.)

கதை சிறிது; ஏறத்தாழப் பதினைந்து மணித்துளி. மாளிகைச் சிறுவன் விளையாட்டுப் பொருள்களிடையே தனித்திருக்கிறான். வெளியே குடிசைச் சிறுவன் புல்லாங்குழல் ஊதுகிறான். பலகணி வழியே போட்டி தொடங்குகிறது. அவன் குழலுக்கு இவன் ஊதுகொம்பு. அவன் முழவுக்கு இவன் முழவடிக்கும் குரங்குப் பொம்மை. அவன் முகமூடிக்கு இவன் முகமூடிகள். ஈற்றில் ஏழைச் சிறுவன் பட்டம் விடுகிறான். பட்டத்திற்கு ஈடு மாளிகையில் இல்லை. கவணால் அடித்துப் பார்த்தும் வீழாத பட்டத்தை, மாளிகைச் சிறுவன் காற்றுத் துமுக்கியாற் சுட்டு வீழ்த்துகிறான்.

உடனே சிலர், 'இது வியத்துநாம் போர்' என்றனர். இருக்கலாம், காலம் அதுவே. ஆனால் போர் என்று பெயரிட்டவுடன் பட்டம் பட்டமாக இல்லாது போகிறது. இழந்தவனின் முகமும் மறைகிறது. ஒரு பிள்ளையின் கையிலிருந்த ஒரே பறக்கும் பொருள் கிழிந்து விழுந்த துயரத்தை, செய்தித்தாட் தலைப்பொன்று விழுங்கிவிடுகிறது.

இதற்கொரு தெளிவான அளவுகோலைத் தொல்காப்பியர் என்றோ வகுத்தளித்துள்ளார். உள்ளுறை, தெய்வம் ஒழிந்த ஏனைக் கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கவேண்டும் என்றார் அவர். மருதப் பாட்டில் எருமை தாமரையை மேய்ந்தால், அது முதலில் எருமையே. பொய்கையும் சேறும் அந்நிலத்தனவே. தலைவனின் பரத்தமை அதன்பின் தானே விளங்கும். தெய்வத்தை ஏன் விலக்கினார் என்பதை எண்ணிப் பார்த்தவர் எத்துணைப் பேர்? வானிலிருந்து இறக்கிய பொருளன்று, நிலத்தில் முளைத்த பொருளே உள்ளுறையைத் தாங்கும் என்பதாற் போலும்! ரேயின் பட்டமும் குழலும் அக்குடிசையின் கருப்பொருள்கள். துமுக்கியும் பொறிப்பாவையும் அம்மாளிகையின் கருப்பொருள்கள். ஒன்றேனும் கடன் வாங்கப்பட்டதன்று.

குறும்படமென்றால் கடைசி நொடியில் ஒரு திடீர்த் திருப்பம் வேண்டும் என்பது மற்றொரு மூடக் கொள்கை. பட்டம் வீழ்ந்ததோடு ரே முடித்திருந்தால் அக்கொள்கையினர் கைதட்டியிருப்பர். அவர் முடிக்கவில்லை. வென்ற சிறுவன் தன் பொம்மைகளிடம் மீள்கிறான், அவற்றை முடுக்கிவிடுகிறான், அறையெங்கும் இரைச்சல். அதனையும் ஊடுருவிக்கொண்டு வெளியிலிருந்து மீண்டும் அதே புல்லாங்குழல் கேட்கிறது. சிறுவன் அசைவற்றிருக்கிறான். பொறிப்பாவை தானே நடந்துசென்று, அவன் அடுக்கிவைத்த கோபுரத்தை இடித்துத் தள்ளுகிறது.