ஆற்றங்கரை விடுதியும் அயற் கிராமமும்

மகாவலி கங்கையைத் தினமும் கண்டும் காணாதவராய் வாழ்பவர் கண்டி நகரத்தவராகிய நாம். கெட்டம்பையிலும் பேராதனைப் பாலத்திலும் பேருந்து யன்னலூடே அதனை நோக்குகின்றோம், மழை மிகுந்த நாளில் நீர் கலங்கி ஓடுவதை அருகிலிருப்பவர்க்குச் சுட்டுகின்றோம், அவ்வளவே. 335 கிலோமீற்றர் ஓடித் திருக்கோணமலைப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில் அது கடலோடு கலக்கின்றதென்று பூமிசாத்திர வகுப்பிற் படித்ததோடு சரி. நம்மைக் கடந்த பின்னர் அந்த ஆறு எவர்க்கு என்ன செய்கின்றது என்னும் வினா நம்முட் பலர்க்கு எழுவதில்லை.

1976ஆம் ஆண்டு தொடக்கம் பொல்கொல்லையில் அந்த நீர் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பகுதி ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடே உக்குவளை சென்று, அங்கே மின்சாரத்தைப் பிறப்பித்து, சுது கங்கை வழியாக அம்பன் கங்கையை அடைகின்றது. எஞ்சிய நீர் விக்ரோறியா, ரந்தெனிகலை முதலிய நீர்த்தேக்கங்களைக் கடந்து தன் பழைய வழியே செல்கின்றது. பிரிந்த இவ்விரு நீரும் வெகு தொலைவில், வடக்கே, மீண்டும் கூடுகின்றன. அவை கூடுமுன் இரு கைகளாக அணைத்து நிற்கும் காட்டின் பெயர் வஸ்கமுவ.

1938ஆம் ஆண்டிலேயே காப்பு வனமாக்கப்பட்ட அந்நிலம், 1984இல் தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் பொருட்டுக் காடுகள் அழிக்கப்பட்டபொழுது இருப்பிடம் இழந்த யானைகளுக்கும் பிற விலங்குகளுக்கும் ஒரு புகலிடம் வேண்டியிருந்தமையே அதற்குக் காரணம். மதுறு ஓயா, சோமாவதி முதலிய வனங்களும் இவ்வாறே தோன்றின. நம் வீட்டு விளக்கு எரிவதற்கும் அந்த யானைகள் இடம் பெயர்ந்தமைக்கும் தொடர்பு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

அங்கே ஆற்றங்கரையிற் சில இரவுகள் தங்குதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விடுதிகள் உள. கண்டியிலிருந்து உன்னஸ்கிரிய சென்று, 18 வளைவுகளையும் இறங்கி, ஹசலகையையும் ஹெட்டிப்பொலையையும் கடந்து செல்லல் வேண்டும். உணவுப் பொருள்களை நாமே கொண்டு செல்லல் வேண்டும். சமைத்துத் தருதற்கு விடுதிக் காவலர் இருப்பார். பொழுது பட்டபின் வெளியே உலாவுதல் ஆகாது. நகரத்து வசதிகளை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர்; அவர்கள் ஏமாறுவதே நன்று. குளிரூட்டிய அறையும் நீச்சற் குளமும் வேண்டுவோர்க்கு வேறிடங்கள் பல இருக்கின்றன. வானொலிப் பெட்டியை உரக்க முழக்குதற்காகக் காட்டுக்குச் செல்வோரைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதே மரியாதை.

நம் பிள்ளைகள் யானையைப் பெரஹராவிற் பட்டுடுத்திப் பார்த்திருக்கின்றனர். அநாதைக் கன்றுகளுக்கென 1975இல் தொடங்கிய பின்னவலையிலும் பார்த்திருக்கின்றனர். இரண்டிலும் சங்கிலியையும் பாகனையும் சேர்த்தே கண்டனர். முதிய பெண்யானை முன்செல்ல, கன்றுகளை நடுவே விட்டு, ஒரு குடும்பம் தன் விருப்பப்படி ஆற்றில் இறங்கி நீரருந்தி மறுகரை ஏறுவதைக் காணுதல் வேறு வகையான கல்வி. முதலை கிடக்கும் மணற்றிட்டையும் கரடி தோண்டிய கறையான் புற்றையும் பாடப்புத்தகப் படம் காட்டமாட்டாது. இதில் எவர்க்கும் கருத்து வேற்றுமை இராது.

ஆனால் அந்த மறுகரையிலே என்ன இருக்கின்றது? வயல் இருக்கின்றது. வனத்தின் எல்லையை யானை அறியாது. ஒரு நாளில் நூற்றைம்பது கிலோ வரை உண்ணும் விலங்குக்கு, முற்றிய நெல் எளிதிற் கிடைக்கும் விருந்து. இரவெல்லாம் பரணிலிருந்து வெடி கொளுத்திக் கூவி விரட்டும் உழவர்க்கு, நாம் விடுதி முற்றத்திலிருந்து வியந்த அதே யானை யமனாகத் தோன்றுகின்றது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். அம்மனிதரை அயலார் என்று நாம் தள்ளிவிடவும் இயலாது. விக்ரோறியா நீர்த்தேக்கத்தின் கீழ்ப் பழைய தெல்தெனிய நகரம் அமிழ்ந்தபொழுது, நம் பக்கத்து மக்கள் பலர் பெயர்க்கப்பட்டு மகாவலியின் கீழ்ப்பகுதிக் குடியேற்றங்களுக்கே சென்றனர்.

விடுதியில் தங்குவோர் செலுத்தும் பணத்தில் இவ்வுழவர்க்குப் பங்கு இருத்தல் வேண்டுமென்பதே எமது கருத்து. இது புதுமையான கருத்தன்று. ஆபிரிக்காவிலே, இன்று சாம்பியா எனப்படும் நாட்டில், லுவாங்குவா என்றோர் ஆறு புல்வெளிக் காட்டினூடே ஓடுகின்றது. அங்கே வனவிலங்கு அதிகாரியாயிருந்த நோர்மன் கார் என்பவர், 1950ஆம் ஆண்டில், குந்தா மக்களின் தலைவராகிய என்செஃபுவை அணுகினார். விலங்குகளைச் சுடுதற்கன்றிக் காணுதற்கென்றே வருவோர்க்கு ஒரு சிறு தங்குமிடம் அமைப்போம், வரும் பணம் உம்முடைய மக்களுக்கே சேரட்டும் என்றார். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரி இவ்வாறு சொன்னது வியப்பே. தலைவர் இசைந்தார். விலங்கினாற் பயன் பெறுபவனே விலங்கைக் காப்பான் என்பதை அவர் கண்டுகொண்டார்.

நம் நாட்டில் உயிரிழப்புக்கு அரசு இழப்பீடு வழங்குகின்றது, வழங்கட்டும். இழப்பீடு இழப்பின் பின் வருவது. நாம் வேண்டுவது அதற்கு முந்திய பங்கு: மின்வேலியைப் பழுது பார்க்கவும் காவலர்க்குக் கூலி கொடுக்கவும் கிராமத்தின் கையிற் சேரும் பணம். வஸ்கமுவவின் அயலில் நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. யானை தோடை மரங்களை விரும்பாமை கண்டு, வீட்டையும் வயலையும் சூழத் தோடை நடுவதற்கு அங்குள்ள உழவர்க்கு உதவி வருகின்றனர். தோடம்பழம் சந்தையில் விலையாகும் என்பதும் கருதத்தக்கது. யானை நடமாடும் தெருவிற் பாடசாலைப் பிள்ளைகள் நடந்து செல்லாதிருக்க ஒரு பேருந்தும் ஒழுங்கு செய்யப்பட்டது. பாடசாலைக்குச் செல்லும் வழியில் யானைக்கு அஞ்ச வேண்டிய பிள்ளைகளும் நம் மாகாணத்திலேயே இருக்கின்றனர் என்பதை எமது கல்லூரி மாணவர் அறிதல் நன்று.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். யூபிலி ஆண்டின் நினைவாகக் கட்டடம் ஒன்று எழுப்புவதோடு, ஆண்டுதோறும் மேல் வகுப்பு மாணவர் சிலரை வஸ்கமுவவுக்கு அனுப்புதலையும் ஆலோசிப்பார்களாக. விடுதியில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் முழுவதும் எல்லைக் கிராமம் ஒன்றில். அரிசியையும் தேங்காயையும் கண்டிச் சந்தையில் மூட்டை கட்டாமல் அவ்வூரவரிடமே வாங்குக. ஜீப் வண்டியும் அவ்வூரவரதாகவே இருக்கட்டும். விடுதிக் கட்டணத்துக்குச் சமமான தொகையொன்றை அக்கிராமத்தின் வேலிச் செலவுக்குச் சங்கம் அளிக்கட்டும். ஆகஸ்ட் விடுமுறையே ஏற்ற காலம். ஆற்றில் நீர் வற்றி யானைகள் கரைக்கு இறங்கும். சிறுபோக நெல் முற்றி நிற்கும் பருவமாதலின், பரணிற் காவலிருப்பவர்களையும் பிள்ளைகள் காண்பர்.